ஜாங்கோ ரைன்ஹார்ட்

ஜாங்கோ ரைன்ஹார்ட் (சனவரி 23, 1910 – மே 16, 1953) பெல்ஜியத்தில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த புகழ்பெற்ற ஜாஸ் கிதார் கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். இவரது இயற்பெயர் ழான் ரைன்ஹார்ட். ரோமா மக்களின் ஒரு கிளையினரான மனூஷ் இனத்தைச் சேர்ந்தவர். பதினெட்டாவது வயதில் ஏற்பட்ட தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பின்னர், எஞ்சிய விரல்களைக் கொண்டே கிதார் வாசிப்பில் ஒரு புதிய முறையை உருவாக்கினார். ஐரோப்பாவில் தோன்றிய ஜாஸ் கலைஞர்களுள் அமெரிக்கக் கலைஞர்களே திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தாக்கம் ஏற்படுத்திய முதல் கலைஞர் இவரே எனலாம்.

ஜாஸ் குழுக்களில் கிதார் பெரும்பாலும் பின்னணித் தாளத்துக்கான கருவியாகவே இருந்த காலம் அது. அமெரிக்காவில் எடி லாங், லானி ஜான்சன் போன்ற சிலர் அதனைத் தனியே வாசித்துக் காட்டியிருந்தனர். எனினும் டிரம்பெட், சாக்ஸபோன் ஆகிய ஊதுகருவிகளுக்கு நிகராகக் கிதாரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர்களில் ரைன்ஹார்ட்டும், மின்கிதார் கலைஞரான சார்லி கிறிஸ்டியனும் முதன்மையானவர்கள். கிறிஸ்டியனின் புகழ்பெற்ற ஒலிப்பதிவுகள் 1939இல்தான் தொடங்குகின்றன. ரைன்ஹார்ட்டின் முதல் முக்கியப் பதிவுகள் 1934ஆம் ஆண்டைச் சேர்ந்தவை.

பிறப்பும் இளமையும்

பெல்ஜியத்தின் லிபெர்ஷி என்னும் சிற்றூரின் அருகே, குளிர்காலத்துக்காக நிறுத்தப்பட்டிருந்த ஒரு குதிரைவண்டி வீட்டில் ரைன்ஹார்ட் பிறந்தார். தந்தை இசைக்கலைஞர், தாய் நடனக்கலைஞர். ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்திப் பிழைக்கும் குடும்பம் அது. ஜாங்கோ என்பது குடும்பத்தார் வைத்த செல்லப் பெயர். ரோமானி மொழியில் அதற்கு 'விழித்தெழுகிறேன்' என்று பொருள் கூறப்படுகிறது. ரோமா மக்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டுச் சென்றவர்கள் என்பதை மொழியியலும் மரபியலும் உறுதி செய்துள்ளன. ஆனால் ரைன்ஹார்ட்டின் இசையை இந்திய இசையோடு நேரடியாகத் தொடர்புபடுத்தும் முயற்சிகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை.

பின்னர் இக்குடும்பம் பாரிஸ் நகரின் பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த குடிசைப் பகுதியில் தங்கியது. ரைன்ஹார்ட் பள்ளிக்குச் சென்றதில்லை. எழுதப் படிக்க ஓரளவு கற்றுக்கொண்டது வளர்ந்த பின்னரே. இசைக்குறியீடுகளை அவர் கடைசிவரை எழுதவில்லை. முதலில் வயலின் பழகினார். ஏறத்தாழ 12ஆம் வயதில் பேஞ்சோவும் கிதாரும் கலந்த ஒரு கருவி கிடைத்தது. மற்றவர்கள் வாசிக்கும்போது அவர்களின் விரல்களைக் கவனித்தே அவர் கற்றுக்கொண்டார். இரண்டொரு ஆண்டுகளுக்குள் பாரிஸின் நடனக்கூடங்களில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பக்கவாத்தியமாக வாசித்துச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டார்.

1928ஆம் ஆண்டில் அக்கார்டியன் கலைஞர் ழான் வெசாத் என்பவருடன் சேர்ந்து வாசித்தது இவரது முதல் ஒலிப்பதிவுகளுள் ஒன்று. அந்த இசைத்தட்டில் இவரது பெயர் தவறாக அச்சிடப்பட்டிருந்தது. தன் பெயர் எப்படி எழுதப்படும் என்பது அந்த இளைஞருக்கே தெரியாதபோது அச்சகத்தாரைக் குறைசொல்ல முடியாது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவர் ஜாக் ஹில்டன் இவரது வாசிப்பைக் கேட்டுத் தம் குழுவில் சேருமாறு அழைத்தார்.

தீ விபத்து

அந்த அழைப்பை ஏற்றுப் புறப்படுவதற்கு முன்பே, 1928இன் இலையுதிர்காலத்தில் ஓர் இரவு அவரது வண்டி வீடு தீப்பற்றியது. அவரது மனைவி பெல்லா விற்பனைக்காகச் செய்து வைத்திருந்த செயற்கை மலர்கள் வண்டி முழுவதும் குவிந்திருந்தன. அவை செல்லுலாய்டால் ஆனவை. மெழுகுவர்த்தியின் சுடர் பட்டதும் நொடியில் தீ பரவியது. இருவரும் உயிர் தப்பினர். ஆனால் ரைன்ஹார்ட்டின் வலது காலும் இடது கையும் கடுமையாக வெந்துபோயின.

காலை வெட்டி எடுக்க வேண்டும் என்ற மருத்துவர்களின் யோசனைக்கு அவர் இணங்கவில்லை. நீண்ட சிகிச்சைக்குப் பின் கால் பிழைத்தது. இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தசைநாண்கள் சுருங்கி உட்புறமாக மடங்கி நின்றுவிட்டன. கிதாரில் இடக்கைதான் தந்திகளை அழுத்திச் சுரங்களை உருவாக்குகிறது. கட்டைவிரல் பெரும்பாலும் பின்புறம் தாங்கி நிற்க, மற்ற நான்கு விரல்களே வேலை செய்யும். அந்த நான்கில் இரண்டு போய்விட்டன. இனி வாசிக்க இயலாது என்றே சுற்றியிருந்தவர்கள் கருதினர்.

தம்பி ஜோசப் ரைன்ஹார்ட் மருத்துவமனைக்கு ஒரு கிதாரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் நீடித்த சிகிச்சையின்போது படுக்கையிலேயே ரைன்ஹார்ட் தம் கைக்கு மீண்டும் பயிற்சி அளித்தார். இக்காலத்தில் பெல்லாவுக்கு லூசோன் என்ற மகன் பிறந்தான். பின்னர் இருவரும் பிரிந்தனர். நகீன் என்று அழைக்கப்பட்ட சோஃபி சீக்லர் என்பவரோடு ரைன்ஹார்ட் வாழத் தொடங்கினார். 1943இல் அவரை மணந்துகொண்டார்.

ஜாஸ் இசையை அறிதல்

உடல் தேறியபின் ரைன்ஹார்ட் தம்பியுடன் தென் பிரான்சில் தெருக்களிலும் உணவகங்களிலும் வாசித்துத் திரிந்தார். 1931இல் துலோன் நகரில் எமில் சவித்ரி என்ற ஓவியர் இவ்விருவரையும் தம் வீட்டுக்கு அழைத்து, தம்மிடமிருந்த அமெரிக்க இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். லூயி ஆம்ஸ்ட்ராங், டியூக் எலிங்டன், ஜோ வெனுட்டி – எடி லாங் இணை ஆகியோரின் இசையை ரைன்ஹார்ட் ஊன்றிக் கேட்டது அங்கேதான். ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட் அவரைப் பெரிதும் உலுக்கியது. ரைன்ஹார்ட்டின் பிற்கால வாசிப்பில் நீண்ட மூச்செடுத்து ஊதுவது போன்ற தொடர்கள் அடிக்கடி வருவதற்கு இதைக் காரணமாகக் கூறலாம். அவர் முன்மாதிரியாகக் கொண்டது ஒரு கிதார் கலைஞரை அன்று, ஓர் ஊதுகருவிக் கலைஞரை என்பது கவனிக்கத்தக்கது.

ஹாட் கிளப் ஐவர் குழு

1934இல் பாரிஸில் உள்ள கிளாரிட்ஜ் விடுதியில் டபுள் பேஸ் கலைஞர் லூயி வோலாவின் நடன இசைக்குழுவில் ரைன்ஹார்ட்டும் வயலின் கலைஞர் ஸ்டெபான் கிராப்பெல்லியும் பணியாற்றினர். இடைவேளைகளில் மேடைக்குப் பின்னால் இருவரும் சேர்ந்து பொழுதுபோக்காக ஜாஸ் வாசித்தனர். வோலாவும் ஜோசப்பும் கிதார் கலைஞர் ரொஜே ஷாபுவும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். ஹாட் கிளப் என்ற ஜாஸ் ரசிகர் சங்கத்தைச் சேர்ந்த பியேர் நூரி, சார்ல் தெலோனே ஆகியோரின் முயற்சியால் இது ஒரு முறையான குழுவானது. அவ்வாண்டு திசம்பரில் அல்ட்ராஃபோன் நிறுவனத்துக்காக முதல் இசைத்தட்டுகள் பதிவு செய்யப்பட்டன.

ஒரு வயலின், மூன்று கிதார்கள், ஒரு டபுள் பேஸ் என முழுவதும் தந்திக் கருவிகளாலேயே அமைந்த குழு இது. டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை, ஊதுகருவி எதுவும் இல்லை. அக்கால வழக்கப்படி பார்த்தால் இதனை ஜாஸ் குழு என்று ஏற்கவே பலர் தயங்கியிருப்பர். ஆயினும் அடுத்த ஐந்தாண்டுகளில் இக்குழு ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்றது. ஜாங்காலஜி (1935), மைனர் ஸ்விங் (1937) ஆகியவை இக்காலத்தில் பதிவானவை. பாரிஸுக்கு வந்த அமெரிக்கக் கலைஞர்களும் ரைன்ஹார்ட்டைத் தேடி வந்தனர். 1937 ஏப்ரலில் சாக்ஸபோன் கலைஞர்கள் கோல்மன் ஹாகின்ஸ், பென்னி கார்ட்டர் ஆகியோருடன் செய்த ஒலிப்பதிவு அவற்றுள் சிறப்பானது.

கிராப்பெல்லியும் ரைன்ஹார்ட்டும் இயல்பில் முற்றிலும் மாறுபட்டவர்கள். கிராப்பெல்லி நேரந்தவறாதவர். ரைன்ஹார்ட்டோ சூதாட்டத்திலும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் மூழ்கி நிகழ்ச்சியையே மறந்துவிடுவார். சில நாட்கள் சொல்லாமல் கொள்ளாமல் தம் மக்களின் வண்டிகளோடு போய்விடுவதும் உண்டு. குழுவின் ஒழுங்கைக் காக்கும் சுமை பெரும்பாலும் கிராப்பெல்லியின் தோளில் விழுந்தது. இருவருக்கும் மனத்தாங்கல்கள் பல இருந்தும் இசையில் அவை தெரிவதில்லை.

வாசிக்கும் முறை

ரைன்ஹார்ட்டைப் பற்றிய பேச்சு எப்போதும் அந்த இரண்டு விரல்களில் தொடங்குகிறது. விபத்துதான் அவரது பாணியை உருவாக்கியது என்று சிலர் எழுதுகின்றனர்; விபத்தையும் மீறி அவர் வாசித்தார் என்று வேறு சிலர். இரண்டிலும் பாதி உண்மையே உள்ளது. அவரது இசையில் எது காயத்தின் விளைவு, எது அதற்கு அப்பாற்பட்டது என்பதைக் கைகளின் இயக்கத்தைக் கொண்டு ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும். 1930களின் இறுதியில் எடுக்கப்பட்ட ஜாஸ் ஹாட் என்னும் குறும்படத்தில் அவரது இடக்கையை அருகிலிருந்து காணலாம்.

நான்கு விரல்கள் உள்ளவர் கையை ஓரிடத்தில் நிறுத்தி, அங்குள்ள மெட்டுகளை விரலுக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொண்டு குறுக்கே வாசிப்பார். இரண்டு விரல்களால் அது இயலாது. எனவே ரைன்ஹார்ட் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் கொண்டு கிதாரின் கழுத்து நெடுகிலும் மேலும் கீழுமாக ஓடினார். இதனால் அவரது சுரவரிசைகள் அடுத்தடுத்த படிகளில் நடப்பதைவிட, தாவிச் செல்லும் இயல்பைப் பெற்றன. ஒரு சுரக்கூட்டின் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக உதிர்க்கும் ஆர்பெஜியோ முறைக்கு இந்த விரலமைப்பு மிகவும் பொருந்தியது. ஒரு தந்திக்கு இரண்டு சுரங்கள் என்று வாசித்து அடுத்த தந்திக்கு மாறினால் கை தானாகவே மேல்நோக்கி நகரும். சில நொடிகளில் தாழ்ந்த சுரத்திலிருந்து மிக உயர்ந்த சுரம் வரை அவர் ஏறிவிடுவதன் இரகசியம் இதுவே. ஒரே விரலை ஒரே தந்தியில் சறுக்கவிட்டு இடையிலுள்ள அரைச்சுரங்கள் அனைத்தையும் தனித்தனியே ஒலிக்கச் செய்வதும் அவருக்கே உரியது.

மடங்கிப்போன விரல்கள் முற்றிலும் பயனற்றுப் போகவில்லை. கார்டு எனப்படும் சுரக்கூட்டுகளை அமைக்கும்போது அவ்விரண்டையும் மெல்லிய இரு தந்திகளின்மேல் ஒட்டவைத்துப் பயன்படுத்தினார். தடித்த தந்தியைக் கழுத்தின் மேற்புறமாகக் கட்டைவிரலால் அழுத்தினார். முழுமையான கார்டுகளுக்குப் பதிலாக மூன்று நான்கு சுரங்களே கொண்ட வடிவங்கள் இதனால் பிறந்தன. ஆறாம், ஒன்பதாம் சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் அந்த வடிவங்கள் இன்று அவரது பாணியின் அடையாளமாகவே கருதப்படுகின்றன. இவ்வளவும் காயத்தின் கணக்கில் சேர்க்கத்தக்கவை.

வலக்கையின் கதை வேறு. அதைத் தீ தொடவில்லை. மணிக்கட்டை வளைத்து, கையைக் கிதாரின் பலகையில் ஊன்றாமல், தடித்த பிக் கொண்டு அவர் தந்திகளை மீட்டினார். புதிய தந்திக்கு மாறும் ஒவ்வொரு முறையும் கீழ்நோக்கிய மீட்டலோடு தொடங்குவது இம்முறையின் விதி. ஒலிபெருக்கி இல்லாத நடனக்கூடங்களில் அக்கார்டியனின் பேரொலிக்கு நடுவே தம் கருவி கேட்க வேண்டும் என்ற தேவையை அவர் விபத்துக்கு முன்பே சந்தித்திருந்தார். வேகமும் உரப்பும் தாளக்கட்டும் அவரிடம் அப்போதே இருந்தன. ஜாக் ஹில்டன் தேடி வந்தது அந்தக் கையைக் கேட்டுத்தான். இடக்கையின் இழப்பை ஈடுசெய்ய முடிந்ததற்கு இந்த வலக்கையே பெரிதும் காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

இவற்றோடு, ஒரே சுரத்தை இரு ஸ்தாயிகளில் சேர்த்து வாசித்தல், கார்டுகளை அதிவேகமாக அதிரச் செய்தல், தந்தியை அசைத்துச் சுரத்தை நடுங்கவிடுதல் போன்ற உத்திகளையும் அவர் கையாண்டார். ஆனால் உத்திகளின் பட்டியல் அவரை விளக்கிவிடாது. மெட்டின் போக்கை நன்கு அறிந்துகொண்டு அதிலிருந்து சற்றே விலகி, கேட்பவர் எதிர்பாராத இடத்தில் நிறுத்தி, நகைச்சுவையாக ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு மீண்டும் சேரும் கற்பனையே அவரை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்துகிறது. இதை அறிய விரும்பும் மாணவர்கள் 1937இல் அவர் துணைக்கருவிகள் இன்றித் தனியாக வாசித்துப் பதிவு செய்த இம்ப்ரொவைசேஷன் என்ற இசைத்தட்டிலிருந்து தொடங்கலாம்.

தாளமும் கருவியும்

டிரம்ஸ் இல்லாத குழுவில் தாளத்தைக் காப்பது மற்ற இரு கிதார்களின் பணி. அவை வாசிக்கும் முறைக்கு லா பொம்ப் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் இதற்கு பம்பு எனப் பொருள். நான்கு அடிகளில் முதலாவதும் மூன்றாவதும் மென்மையாகவும், இரண்டாவதும் நான்காவதும் வெட்டியது போலக் குறுகியும் ஒலிக்கும். மீட்டியவுடன் இடக்கையின் பிடியைத் தளர்த்தி ஒலியை அணைப்பதால் அந்த வெட்டு கிடைக்கிறது. கேட்பவருக்கு அங்கே ஒரு டிரம்ஸ் இருப்பதாகவே தோன்றும்.

ரைன்ஹார்ட் பெரும்பாலும் பயன்படுத்தியது பாரிஸின் செல்மர் நிறுவனம் தயாரித்த கிதார். இத்தாலியக் கைவினைஞர் மரியோ மக்காஃபெர்ரி வடிவமைத்த இக்கருவி 1932இல் விற்பனைக்கு வந்தது. முதலில் வந்தவற்றில் ஒலித்துளை பெரிதாக ஆங்கில டி எழுத்தின் வடிவில் இருந்தது. பின்னர் வந்தவற்றில் சிறிய முட்டை வடிவத் துளை அமைந்தது. கூர்மையான, உடனே எழும் ஒலியைத் தரும் இக்கருவி பெரிய கூடத்திலும் தனித்துக் கேட்டது.

போர்க்காலம்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது குழு இங்கிலாந்தில் இருந்தது. ரைன்ஹார்ட் உடனே பாரிஸ் திரும்பினார். கிராப்பெல்லி இலண்டனிலேயே தங்கிவிட்டார். வயலினுக்குப் பதிலாக உபேர் ரோஸ்தாங்கின் கிளாரினெட்டைக் கொண்டு ரைன்ஹார்ட் புதிய குழுவை அமைத்தார். 1940இல் அவர் பதிவு செய்த நுவாழ் என்ற இசை, செருமானியர் பிடியில் இருந்த பாரிஸில் மக்களின் மனநிலைக்கு உருவம் கொடுத்தது போல் பரவியது. நுவாழ் என்றால் மேகங்கள்.

இந்த ஆண்டுகளில் அவரது நிலை விசித்திரமானது. நாட்சிகள் ஐரோப்பாவெங்கும் இலட்சக்கணக்கில் ரோமா மக்களைக் கொன்று குவித்தனர். பிரான்சில் 1940 ஏப்ரலிலேயே நாடோடி மக்கள் இடம்பெயர்வது தடை செய்யப்பட்டிருந்தது. பின்னர் அவர்கள் மோந்த்ரெய்-பெலே போன்ற முகாம்களில் அடைக்கப்பட்டனர். போர் முடிந்த பின்னும் 1946 வரை சிலர் விடுவிக்கப்படவில்லை. ஜாஸ் இசையும் நாட்சிகளால் இழிவாகக் கருதப்பட்டது. அப்படியிருக்க, ஒரு ரோமா இனத்தவர் ஜாஸ் வாசித்து, பாரிஸில் அதுவரை காணாத புகழோடும் பணத்தோடும் வாழ்ந்தார். அவரது ரசிகர்களில் செருமானிய அதிகாரிகளும் இருந்தனர். விமானப்படை அதிகாரி டீட்ரிக் சுல்ஸ்-கோன் அவர்களுள் ஒருவர்.

இந்தப் பாதுகாப்பு எந்நேரமும் விலகிவிடக்கூடியது என்பதை ரைன்ஹார்ட் உணர்ந்திருந்தார். 1943இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல முயன்று, எல்லைக்கு அருகே தொனோன்-லெ-பேன் பகுதியில் பிடிபட்டார். விசாரித்த செருமானிய அதிகாரி அவரது இசையின் ரசிகராக இருந்ததால் விடுவிக்கப்பட்டார். மீண்டும் ஒருமுறை முயன்றபோது சுவிட்சர்லாந்து எல்லைக் காவலர்களே திருப்பி அனுப்பிவிட்டனர். புகழ் அவரைக் காப்பாற்றியது. அந்தப் புகழ் இல்லாத அவர் இனத்தவருக்கு அத்தகைய விடுதலை வாய்க்கவில்லை. தம் மக்களின் வழிபாட்டுக்கென ஒரு தேவாலய இசையை இயற்ற இக்காலத்தில் அவர் முனைந்தார். இசைக்குறியீடு எழுதத் தெரியாததால், அவர் வாசித்துக் காட்ட, கிளாரினெட் கலைஞர் ஜெரார் லெவெக் எழுதிக்கொண்டார். அப்பணி முற்றுப்பெறவில்லை.

அமெரிக்கப் பயணம்

1946 தொடக்கத்தில் இலண்டனில் ரைன்ஹார்ட்டும் கிராப்பெல்லியும் மீண்டும் சந்தித்தனர். பிரான்சின் நாட்டுப்பண்ணையே ஜாஸ் நடையில் வாசித்து ஒலிப்பதிவு செய்தனர். அவ்வாண்டின் இறுதியில் டியூக் எலிங்டனின் அழைப்பின்பேரில் ரைன்ஹார்ட் அமெரிக்கா சென்றார். தம் கிதாரை அவர் எடுத்துச் செல்லவில்லை. அமெரிக்க நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கிதார் தரும் என்று நம்பினார். அப்படி எதுவும் நடக்கவில்லை. பழக்கமில்லாத மின்கிதாரைக் கொண்டு எலிங்டன் குழுவுடன் பல நகரங்களில் வாசித்தார். நவம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளில் முதலாவது பெரும் வரவேற்பைப் பெற்றது. இரண்டாவதற்கு அவர் வந்து சேர்ந்தபோது நிகழ்ச்சி ஏறக்குறைய முடிந்திருந்தது. 1947 பெப்ரவரியில் மனம் சோர்ந்து பிரான்ஸ் திரும்பினார்.

எனினும் இப்பயணத்தைத் தோல்வி என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் அப்போது எழுந்திருந்த பீபாப் என்னும் புதிய ஜாஸ் வகையின் தாக்கமும் மின்கிதாரும் அவரது பிற்கால வாசிப்பை மாற்றின. 1949இல் கிராப்பெல்லியுடன் உரோம் நகரில் செய்த பதிவுகளில் பழைய பாடல்களே இடம்பெற்றாலும் ரைன்ஹார்ட்டின் சிந்தனை புதிய திசையில் செல்வதைக் கேட்கலாம்.

இறுதிக்காலம்

1951இல் சேன் ஆற்றங்கரையில் உள்ள சமோவா என்ற சிற்றூரில் குடியேறினார். மீன்பிடிப்பதும் ஓவியம் வரைவதுமாகப் பொழுது கழிந்தது. இடையிடையே பாரிஸ் சென்று தம்மைவிட மிகவும் இளைய பீபாப் கலைஞர்களோடு வாசித்தார். 1953 மார்ச்சில் மின்கிதாரில் அவர் மீண்டும் வாசித்த நுவாழ், 1940இன் பதிவோடு ஒப்பிட்டுக் கேட்கத்தக்கது. சுரங்கள் குறைந்து, இடைவெளிகள் கூடியுள்ளன. ஏப்ரல் 8ஆம் நாள் நடந்த இறுதி ஒலிப்பதிவில் பியானோ கலைஞர் மார்சியல் சொலாலும் பங்கேற்றார்.

1953 மே 16 அன்று பாரிஸில் வாசித்துவிட்டு, தொடர்வண்டி நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வந்த ரைன்ஹார்ட், வீட்டருகே மயங்கி விழுந்தார். அன்று சனிக்கிழமை, மருத்துவர் வந்து சேர நெடுநேரம் ஆயிற்று. மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 43. சமோவாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தாக்கம்

1954இல் சார்ல் தெலோனே இவரது வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் குழுவின் ஜான் லூயிஸ், ஜாங்கோ என்ற பெயரில் இயற்றிய இரங்கல் இசை ஜாஸ் உலகில் நிலைத்துவிட்டது. தொழிற்சாலை விபத்தில் இரு விரல்களின் நுனிகளை இழந்த பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி, ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கேட்ட பின்னரே மீண்டும் கிதாரைத் தொட்டார். கிராப்பெல்லி 1997 வரை வாழ்ந்தார். சென்னையைச் சேர்ந்த வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியத்துடன் இணைந்து ஓர் இசைத்தொகுப்பும் வெளியிட்டார். ரைன்ஹார்ட்டின் இரண்டாம் மகன் பாபிக்கும் (1944–2001) கிதார் கலைஞரே.

பிரான்ஸ், நெதர்லாந்து, செருமனி நாடுகளின் மனூஷ், சிந்தி குடும்பங்களில் இவரது இசை ஒரு மரபாகவே தொடர்கிறது. ஸ்டோகெலோ ரோசன்பெர்க், பிரேலி லக்ரேன் ஆகியோர் இம்மரபில் வந்தவர்கள். இம்மரபு பெரும்பாலும் 1930களின் ஐவர் குழுவையே பின்பற்றுகிறது. ரைன்ஹார்ட்டே கடந்து சென்றுவிட்ட பாணி அது. நான்கு விரல்களும் நலமாக உள்ள இளைஞர்கள் அவரது இரண்டு விரல் முறையையே பயின்று வருகின்றனர். அதே ஒலி வேறு வழியில் கிடைப்பதில்லை என்பது அவர்களின் அனுபவம்.

சமோவாவில் 1968இல் இவரது நினைவாக முதல் இசைவிழா நடைபெற்றது. 1983 முதல் அது ஆண்டுதோறும் நடத்தப்பட்டது. 2016 வெள்ளத்துக்குப் பின் அருகிலுள்ள ஃபோன்டன்புளோவுக்கு மாற்றப்பட்டது. ரைன்ஹார்ட் பயன்படுத்திய 503ஆம் எண் கொண்ட செல்மர் கிதாரை நகீன் 1964இல் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். அது இன்று பாரிஸ் இசை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.